குளிர்கடல் மீனவரின் கையுறையும் நம்மூர் வலை ஊசியும்



போன வாரம் நான் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு நிறைய பேர் கேட்டுவிட்டீர்கள், "பழவேற்காட்டுப் புழுக்கத்தில் டீச்சருக்குக் கம்பளிக் கையுறை எதற்கு?" என்று. பழைய மாணவர் ஒருவர், "டீச்சர் இமயமலைக்குக் கிளம்பிட்டாங்க" என்றே எழுதிவிட்டார். கிளம்பவில்லை ஐயா. என் தோழி ஒருத்திக்காகப் பின்னுகிறேன். பின்ன உட்கார்ந்த பிறகு இந்தக் கையுறை எங்கிருந்து வந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததைப் பகிர்ந்துகொள்ளத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் தோழியைப் பற்றி இரண்டு வரி. 1980 வாக்கில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் என் பக்கத்து இருக்கைக்காரி. ஏரிக்கரைக் குப்பத்துப் பெண். அப்பாவின் வலையில் கண் போட்டுக்கொடுத்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவாளாம். ஓய்வு பெற்றபின் மகனோடு கனடா போய்விட்டாள். டொராண்டோ என்று நினைக்காதீர்கள். அதற்கும் கிழக்கே, அட்லாண்டிக் கடலுக்குள் இருக்கும் நியூஃபவுண்ட்லாந்து தீவில் செயின்ட் ஜான்ஸ் என்ற துறைமுக ஊர். போன குளிர்காலத்தில் போனில் சொன்னாள்: "ஏண்டி, வெளியே போனா விரலெல்லாம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போவுது. அப்புறம் நீலமாவுது. மரத்துப் போயி சாவியைக்கூட பிடிக்க முடியல." மருத்துவர் அதற்கு ரேநாட் என்று பெயர் சொன்னாராம். மோரிஸ் ரேநாட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862இல் விவரித்த நோய். குளிர் பட்டதும் விரல்களின் சிறு இரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்கின்றன. மாத்திரையைவிட முதல் வைத்தியம் கையைச் சூடாக வைத்துக்கொள்வதுதான். கடையில் வாங்கிய ஐந்து விரல் உறைகள் அவளுக்குப் போதவில்லை. நடுக்குப்பத்துக்கும் கோட்டைக்குப்பத்துக்கும் காலால் அளந்து நடந்தவள், நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

அவள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக் கிழவி ஒரு கையுறையைக் காட்டி, "உனக்கு இதுதான் சரி" என்றாராம். கட்டைவிரலுக்கு மட்டும் தனி அறை, மற்ற நான்கு விரலுக்கும் ஒரே அறை. அதற்கு மிட்டன் என்று பெயர். உள்ளே கையை விட்டால் ஆட்டுக்குட்டியின் வயிற்றைத் தொட்டது போல இருக்கிறதாம். அப்படி ஒன்றைத்தான் நான் இப்போது பின்னிக்கொண்டிருக்கிறேன்.

ஐந்து விரலுக்கும் தனித்தனி உறை போட்டால் ஒவ்வொரு விரலும் தன் குளிரைத் தானே சமாளிக்க வேண்டும். நான்கும் ஒரே அறையில் இருந்தால் ஒன்றின் சூடு மற்றொன்றுக்குப் போகும். வெளிக்காற்றுக்குக் காட்டும் பரப்பும் குறைகிறது. மார்கழி ராத்திரியில் நான்கு பிள்ளைகளை ஒரே போர்வைக்குள் படுக்க வைப்பார்களே, அந்தக் கணக்குதான்.

இந்த உறையை அந்த நிலைக்குக் கொண்டுவந்தவர்களில் நம்மைப் போன்ற மீன்பிடி ஊர்க்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. படிக்கப் படிக்க எனக்கு ஆச்சரியமாக இருந்தது அதுதான். கனடாவின் கிழக்குக் கரையிலும், அதற்குத் தெற்கே அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கரையிலும் மீனவர் வீட்டுப் பெண்கள் கையுறையைக் கைக்கு மிகப் பெரிதாக, பூதத்தின் கை போலப் பின்னுவார்கள். பிறகு அதை வெந்நீரிலும் கடல்நீரிலும் நனைத்துக் கசக்கிச் சுருக்குவார்கள். கம்பளி இழைகளின் மேல் மீன் செதில் போல நுண்ணிய செதில்கள் உண்டு. சூடும் ஈரமும் உரசலும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு பின்னல் கெட்டியான கம்பளப் பலகையாகிவிடும். (நல்ல ஸ்வெட்டரை வெந்நீரில் துவைத்துக் குழந்தைச் சட்டையாக்கியவர்களுக்கு இது தெரியும்.)

அதைவிட வியப்பு, அந்த மீனவர்கள் அதை ஈரமாகவே அணிந்தார்கள். வேலைக்கு முன் வெதுவெதுப்பான நீரில் முக்கி, பிழிந்து, மாட்டிக்கொள்வார்கள். எப்படியும் வலையும் தூண்டில் கயிறும் நனைக்கத்தான் போகின்றன. காய்ந்த உறை கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்நீரை இழுத்துக்கொள்ளும். ஏற்கெனவே நனைந்து கெட்டியான உறையில் இருக்கும் நீர் கையின் சூட்டை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றுவிடும். கம்பளி தன் எடையில் சுமார் 30 சதவீதம்வரை ஈரத்தை உள்வாங்கியும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. பருத்தியிடம் இந்த வித்தை இல்லை. நம் ஊர்த் துண்டு நனைந்தால் நனைந்ததுதான்.

ஐஸ்லாந்து மீனவர்களின் கடல் கையுறைக்கு இரண்டு கட்டைவிரல்! முதலில் படித்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன். கயிறு இழுத்து இழுத்து உள்ளங்கைப் பக்கம் தேய்ந்துபோனால், உறையைத் திருப்பி மாட்டி மற்றக் கட்டைவிரலைப் பயன்படுத்துவார்களாம். ஒரு உறைக்கு இரண்டு ஆயுள். இதை எந்தப் பொறியாளரும் வரைந்து கொடுக்கவில்லை. கிழிந்த உறையைத் தைத்துத் தைத்துச் சலித்துப்போன ஒரு மனைவியோ தாயோதான் யோசித்திருக்க வேண்டும். அது என் ஊகம், ஆனால் பந்தயம் கட்டுவேன்.

நியூஃபவுண்ட்லாந்தில் இன்னொன்று, 'நிப்பர்' என்பது. முழு உறைகூட இல்லை. உள்ளங்கையைச் சுற்றி மாட்டும் தடித்த கம்பளி வளையம். காட் மீனைக் கைத்தூண்டிலில் பிடிக்கும்போது ஆழத்திலிருந்து இழுக்கும் கயிறு உள்ளங்கையை அறுக்காமல் இருக்க. நம் ஏரியிலும் கடலிலும் நரம்பு இழுத்தவர்களின் ஆள்காட்டி விரல் மடிப்பைப் பார்த்திருப்பீர்கள், கத்தி வைத்த மாதிரி கோடு விழுந்திருக்கும். என் தோழியின் அப்பாவுக்கு இரண்டு கையிலும் உண்டு.

அந்தப் பக்கத்து வீட்டுக் கிழவி காட்டியது 'த்ரம்' மிட்டன். த்ரம் என்றால் என்ன தெரியுமா? தறியில் துணியை நெய்து அறுத்து எடுத்தபின் தறியிலேயே தொங்கும் பாவு நூல் மிச்சம். அதை எறிய மனமில்லாமல் பின்னலுக்குள் சொருகினார்கள். 17ஆம் நூற்றாண்டு மாலுமிகள் இப்படி நூல் மிச்சம் சொருகிய தொப்பிகளை அணிந்திருக்கிறார்கள். நியூஃபவுண்ட்லாந்து, லாப்ரடார் பகுதிகளில் அது நூற்காத பஞ்சுக் கம்பளியாக மாறியது. சில கண்ணிகளுக்கு ஒருமுறை ஒரு விரல் நீளக் கம்பளித் திரியை மடித்து நூலோடு சேர்த்துப் பின்னுவார்கள். வெளியே பார்த்தால் சின்னச் சின்னப் புள்ளி. உள்ளே முழுக்க ரோமம். போடப் போட அந்த ரோமம் அமுங்கி, அணிபவரின் கைக்கே அச்சு எடுத்ததுபோல் ஆகிவிடும். வேறொருவர் மாட்டினால் சரியாக உட்காராது.

வரலாறு படித்தவர்களுக்கு ஒரு துணைச் செய்தி. ஜான் கேபட் 1497இல் இங்கிலாந்திலிருந்து வட அமெரிக்கக் கரையை எட்டினார். அடுத்த வருடமே வாஸ்கோடகாமா கோழிக்கோட்டில் இறங்கினார். இருவரும் தேடியது ஆசியாவின் செல்வத்தைத்தான். கேபட்டுக்குக் கிடைத்தது காட் மீன். நம்மைத் தேடி வந்தவர்களின் வரிசையில் பிறகு யார் வந்தார்கள் என்பது பழவேற்காட்டுக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் கம்பளிக் கதை இங்கேதான் நம் வீட்டு வாசலுக்கு வருகிறது. டச்சுக்காரர்கள் 1610இல் இங்கே பண்டகசாலை போட்டார்கள். 1612இல் சாந்தோமிலிருந்து வந்த போர்ச்சுகீசியர்கள் அதை அடித்து நொறுக்கினார்கள். 1613இல் டச்சுக்காரர்கள் கோட்டையே கட்டிக்கொண்டு ஜெல்டிரியா என்று பெயரிட்டார்கள். 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போகும்வரை சோழமண்டலக் கரை முழுவதற்கும் தலைமை நம்ம ஊர்தான். இங்கிருந்து துணி போயிற்று. அந்தத் துணியைக் கொடுத்து மொலுக்கஸ் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். பழவேற்காட்டுக் கட்டம்போட்ட கைக்குட்டை எவ்வளவு பேர்பெற்றது என்றால், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்து நெசவாளர்கள் அதைப் பார்த்து நெய்து, அதற்கு 'புலிகாட்' என்று நம் ஊர்ப் பெயரையே வைத்தார்கள்.

நாம் சொல்லாமல் விடுவது இதன் மறுபக்கத்தை. நம் கோட்டைக்கு அடுத்த வருடம், 1614இல், அதே டச்சு நாட்டில் வடக்குக் கம்பெனி என்று ஒன்று தொடங்கினார்கள். அது வட துருவத்துக்குப் பக்கத்தில் உள்ள ஸ்பிட்ஸ்பெர்கனுக்கு ஆட்களை அனுப்பித் திமிங்கலம் பிடித்து எண்ணெய் காய்ச்சியது. அந்தக் குடியிருப்பின் பெயர் ஸ்மீரன்பர்க். தமிழில் சொன்னால் கொழுப்பூர்! இங்கே ஒரு டச்சுக்காரன் சட்டையைக் கழற்றிவிட்டு விசிறிக்கொண்டிருந்த அதே நாளில், அங்கே இன்னொருவன் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தான்.

1980இல் தொல்லியலாளர்கள் அங்கே 17ஆம் நூற்றாண்டில் இறந்த 185 டச்சுத் தொழிலாளர்களின் கல்லறைகளை ஆராய்ந்தார்கள். உறைபனி நிலம், கம்பளியை அழுகவிடவில்லை. பல எலும்புக்கூடுகளின் தலையில் கையால் பின்னிய கம்பளித் தொப்பி அப்படியே இருந்தது. அவற்றில் சில இன்று ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியத்தில் உள்ளன. ஒன்றுபோல் ஒன்று இல்லை. குளிருக்கு முகம்வரை மூடிக்கொண்ட அந்த ஆட்கள், தொப்பியின் நிறத்தையும் கோட்டையும் வைத்துத்தான் ஒருவரையொருவர் அடையாளம் கண்டார்கள் என்கிறது அருங்காட்சியகம்.

நம் டச்சுக் கல்லறையை நினைத்துப் பாருங்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வாசலில் இரண்டு எலும்புக்கூட்டுச் சிற்பங்கள். எங்கள் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் அதைத்தான் முதலில் தொட்டுப் பார்ப்பார்கள். உள்ளே கல்லில் பெயர், குடும்பச் சின்னம், தேதி எல்லாம் செதுக்கியிருக்கிறது. எல்லாம் கம்பெனி அதிகாரிகள், வியாபாரிகள், அவர்கள் குடும்பத்தார். ஸ்பிட்ஸ்பெர்கனில் கிடந்த கூலியாட்களுக்கு அப்படிப்பட்ட கல் இல்லை. அவரவர் வீட்டிலோ ஊரிலோ யாரோ பின்னிக்கொடுத்த தொப்பிதான் அவரவர் அடையாளம். என்னைக் கேட்டால், நம் ஊர்க் கல்லறைக்கு வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு இந்த இரண்டையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

சரி, பின்னல் நம் பக்கம் எப்படி வந்தது? இரண்டு ஊசிப் பின்னலில் இன்றுவரை கிடைத்த மிகப் பழைய துண்டுகள் குளிர்நாட்டில் கிடைக்கவில்லை. எகிப்தில் கிடைத்தன. 11 முதல் 14ஆம் நூற்றாண்டுவரையான காலுறைகள். அவையும் பருத்தி, வெள்ளையும் அவுரி நீலமும். ஆக, பின்னல் என்றாலே குளிர்நாட்டு வித்தை என்று நினைக்க வேண்டாம். தமிழ் நிலத்தில் ஊசிவேலையைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தவர்களில் மிஷனரிப் பெண்கள் முக்கியமானவர்கள். நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் 1821இல் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலைசா, கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போய் அங்கும் அதைத் தொடங்கினார். கால்டுவெல் என்றால் நமக்கு ஒப்பிலக்கணம் ஞாபகம் வரும். அந்த வீட்டிலேயே நடந்த பெண்களின் தொழிலகம் ஞாபகம் வருவதில்லை.

எங்கள் பயிற்சிப் பள்ளியில் கைத்தொழில் வகுப்பு உண்டு. காந்தியடிகளின் ஆதாரக் கல்வியின் மிச்சம். தக்ளியில் நூல் நூற்பது, பாய் முடைவது, தையல், கொஞ்சம் கம்பளிப் பின்னல். எல்லோரும் இரண்டு ஊசியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, என் தோழி மட்டும் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டாள். வலை ஊசி பிடித்த விரல் அல்லவா! ஆனால் அவள்தான் ஒரு வித்தியாசத்தையும் கண்டுபிடித்துச் சொன்னாள். வலையில் ஒவ்வொரு கண்ணும் முடிச்சு. மூங்கில் பட்டையில் அளவு பார்த்து இறுக்கிவிட்டால் நகராது. மீன் ஒரு கண்ணை அறுத்தாலும் பக்கத்துக் கண் நிற்கும். கம்பளிப் பின்னலில் முடிச்சே கிடையாது. ஒரு வளையத்துக்குள் இன்னொரு வளையம், அவ்வளவுதான். ஒன்று நழுவினால் அடிவரை இறங்கிவிடும். "இதுல மீன் பிடிச்சா பட்டினிதான்" என்றாள். வகுப்பே சிரித்தது. முடிச்சு இல்லாததால்தான் அது நீள்கிறது, சுருங்குகிறது, கையோடு வளைகிறது, காற்றைப் பிடித்து வைக்கிறது. வலை நீரை விட்டுவிட வேண்டும். கையுறை காற்றை விடக்கூடாது.

எங்களுக்கு அந்த வகுப்பெடுத்த அம்மா, 1962ஐப் பற்றிச் சொல்வார். இளையவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த வருடம் அக்டோபர் 20ஆம் தேதி சீனப்படை தாக்கியது. வடகிழக்கு எல்லையில் நம்கா சூ ஆற்றங்கரையில் நின்ற நம் 7ஆவது பிரிகேடின் வீரர்களில் பலருக்குச் சமவெளியில் போடும் பருத்திச் சீருடைதான். ஆளுக்கு ஒரு கம்பளிப் போர்வை. இடமோ 10,000 அடிக்கு மேல். அந்த பிரிகேடுக்குத் தலைமை தாங்கிச் சிறைபிடிக்கப்பட்ட ஜான் தல்வி பின்னாளில் இதையெல்லாம் மனம் வெந்து எழுதினார். செய்தி வெளியே வந்ததும் நாடெங்கும் பெண்கள் ஊசியை எடுத்தார்கள். தாலியையும் வளையலையும் பாதுகாப்பு நிதிக்குக் கொடுத்ததைப் பாடப்புத்தகம் சொல்லும். வீட்டிலும் விடுதியிலும் ரயிலிலும் உட்கார்ந்து ஸ்வெட்டரும் காலுறையும் கையுறையும் பின்னியதைப் போகிற போக்கில்தான் சொல்லும்.

பனியையே பார்த்திராத சென்னைப் பெண்கள் அப்போது ஒரு சிக்கலைச் சந்தித்தார்கள் என்பார் அந்த அம்மா. மிட்டன்தான் சூடு. ஆனால் துப்பாக்கி விசையை இழுக்க ஆள்காட்டி விரல் வெளியே வரவேண்டுமே? அதற்கு ஒரு பழைய வழி இருந்தது. கட்டைவிரலுக்கு ஒரு அறை, ஆள்காட்டி விரலுக்கு ஒரு அறை, மற்ற மூன்றுக்கும் சேர்த்து ஒன்று. இரண்டு உலகப்போர்களிலும் வீரர்களுக்கு இப்படிப் பின்னி அனுப்பியிருக்கிறார்கள். நியூஃபவுண்ட்லாந்து வேட்டைக்காரர்களும் மீனவர்களும் அணிவது அதே வகைதான்.

பின்னியதெல்லாம் போய்ச் சேர்வதற்குள் நவம்பர் 21ஆம் தேதி சீனா போர்நிறுத்தம் அறிவித்துவிட்டது. அதற்கு மூன்று நாள் முன்பு லடாக்கில், 16,000 அடிக்கு மேலே ரெசாங் லாவில், 13ஆவது குமாவோன் பட்டாலியனின் ஒரு கம்பெனி கிட்டத்தட்ட முழுவதும் மடிந்தது. 114 பேர். அடுத்த ஆண்டு பனி இளகியபோதுதான் உடல்களைக் கண்டெடுத்தார்கள். கையில் துப்பாக்கி பிடித்தபடியே பலர் உறைந்து கிடந்தார்கள். இதைச் சொல்லும்போது அந்த அம்மா பின்னுவதை நிறுத்திவிடுவார்.

கையுறையைப் பரிசாகக் கொடுப்பது பழைய வழக்கம். லாத்வியாவில் மணப்பெண் பெட்டி நிறையக் கையுறை பின்னி எடுத்துப்போய்ப் புகுந்த வீட்டாருக்கெல்லாம் கொடுக்கவேண்டும். 2006இல் அந்நாட்டின் ரிகாவில் நேட்டோ மாநாடு நடந்தபோது, வந்தவர்களுக்குக் கையால் பின்னிய 4,500 ஜோடி கையுறை கொடுத்தார்கள். நார்வேயின் செல்பூ ஊரில் 1857இல் மரித் என்ற 16 வயதுப் பெண் கறுப்பு வெள்ளையில் நட்சத்திரம் போட்ட கையுறை அணிந்து கோயிலுக்குப் போனாள். அந்த வட்டாரமே அதைப் பின்னத் தொடங்கியது. அழகுதான். ஆனால் எனக்கென்னவோ அந்த இரண்டு கட்டைவிரல் உறைமீதுதான் பிரியம்.

நியூஃபவுண்ட்லாந்தில் 1992 ஜூலை 2ஆம் தேதி காட் மீன்பிடிப்புக்கு அரசு தடை விதித்தது. பெரிய கப்பல்கள் வாரிச் சுருட்டியதில் மீன் அற்றுப்போயிருந்தது. ஒரே நாளில் சுமார் 30,000 பேருக்கு வேலை போயிற்று. அதற்குப் பிறகு நிப்பரும் ஈரக் கையுறையும் யாருக்கு வேண்டும்? இன்று அவை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. த்ரம் மிட்டன் மட்டும் பரிசுப் பொருளாகக் கடைகளில் பிழைத்துக்கொண்டது. பக்கத்து வீட்டுக் கிழவியின் கணவர் அந்த 30,000 பேரில் ஒருவராம். இதை என் தோழி சொன்னபோது இருவருமே கொஞ்சநேரம் பேசவில்லை. முகத்துவாரம் மண் மூடி நம் ஏரிக்காரர்கள் படும் பாடு இருவருக்கும் தெரியும். ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம், கோட்டைக்குப்பத்தில் பாடு முறைப்படி யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்ளும் ஒழுங்கு எத்தனை தலைமுறையாக இருக்கிறது! இடத்தைப் பிரிக்கலாம், இல்லாத மீனை எப்படிப் பிரிப்பது? நைலானும் மெஷின் வலையும் வந்தபின் வீட்டில் வலை பின்னும் ஊசியும் பரண் ஏறிவிட்டது. இப்போது கிழிந்ததைச் சரிசெய்யத்தான் இறங்குகிறது.

பின்னும் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு குறிப்பு. 'உல்லன்' என்று பாரிமுனையில் விற்பதில் பெரும்பாலும் அக்ரிலிக்தான். ஒரு துண்டை நெருப்பில் காட்டுங்கள். முடி கருகும் வாசனை வந்து, பொடியாக உதிர்ந்தால் கம்பளி. உருகி மணியாக இறுகினால் அக்ரிலிக். அது சுருங்காது, கெட்டிப்படாது, ஈரத்தில் காப்பாற்றாது. உள்ளே சொருகும் கம்பளிக்குக் கொடைக்கானல் பக்கம் மன்னவனூர் போய் வந்த பழைய மாணவி ஒருத்தி உதவினாள். அங்கே மத்திய அரசின் ஆட்டு ஆராய்ச்சி மையத்தில் பாரத் மெரினோ ஆடு வளர்க்கிறார்கள். தமிழ்நாட்டில் இப்படியொரு மிருதுவான ரோமம் விளைகிறது என்பதே எனக்குப் புதுச் செய்தி. தோழி தன் கையைக் காகிதத்தில் வைத்துப் பென்சிலால் வரைந்து படம் அனுப்பினாள். அவளுக்கு வலது கை இடதைவிட அரை அங்குலம் அகலம். வலை இழுத்த கை. அதனால் இரண்டு உறையும் ஒரே அளவு இல்லை. ஆறு கண்ணிக்கு ஒரு திரி, நான்கு வரிசைக்கு ஒருமுறை. வலது உறை முடிந்துவிட்டது. இடதில் கட்டைவிரல் பாக்கி.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் 75, 80 வயதைத் தாண்டிய அம்மாவோ பாட்டியோ இருந்தால், 1962இல் ஜவான்களுக்குப் பின்னினார்களா, பின்னினால் என்ன பின்னினார்கள், யார் வந்து வாங்கிப் போனார்கள் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். ஏரிக்கரைக்காரர்கள் பரணில் பழைய மர வலை ஊசியோ மூங்கில் பட்டையோ இருந்தால், பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். யார் பயன்படுத்தியது, எந்த வலைக்கு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்தப் பாட்டியின் பெயரை மறக்காமல் போடுங்கள்.